மூட மறுத்த ஷெட் கதவு பற்றி மாப்பிள்ளைக்கு

ஒக்கலிபுரம், பெங்களூர்
4-6-2006 அன்று தொடங்கியது

அத்திபெலேயில் லாரிகளுக்கு வயரிங் வேலை பார்க்கும் என் மதிப்பிற்குரிய மாப்பிள்ளை நாகேஷ் அவர்களுக்கு, மாமனார் முனிகிருஷ்ணன் இரண்டு கையும் கூப்பி எழுதுவது. இங்கே உங்கள் அத்தை எல்லம்மாவின் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்களும் என் மகள் வீணாவும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை, இதை யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது. அறுபத்தெட்டு வயதுவரை கைநாட்டு வைத்தவனைப் போன தை மாதம் பாகீரதி அம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நான் காவல் வேலை பார்க்கும் பிரேசர் டவுன் பங்களாவின் சொந்தக்கார அம்மாதான். முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக இருந்தவர்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஒரு மணி நேரம் பாடம். சித்திரை பிறக்கும்போது எனக்குப் படிக்க வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஊரையே படித்துவிடலாம் என்று சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பெங்களூரில் எல்லாப் பலகையும் கன்னடத்தில் இருக்கிறது. அறுபது வருஷமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. மளிகைக் கடைத் தமிழ்க் காலண்டரைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப் படிக்க ஒன்றும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தபோதுதான் போன வாரம் பேத்தியின் காதுகுத்துப் பத்திரிகை வந்தது. "நம்ம ரெண்டு பேரயும் கூப்ட்டுக்கீறாங்க" என்று சொல்லிக்கொண்டே எல்லம்மா அதை மாடத்தில் செருகப் போனாள். நான் ஆசையாக வாங்கி உறையின்மேல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீணாவின் கையெழுத்தில் "அம்மாவுக்கு மட்டும்" என்று இருந்தது. திரும்பப் படித்தேன். "மட்டும்" என்ற வார்த்தை பாடத்தில் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது, தவறாகப் படித்திருக்க வழியில்லை. "எழுத்து கத்துக்குனு என்னாத்த கண்டே? சும்னே இருந்திருந்தா சொக்கா போட்டுக்குனு ஜாலியா வந்திருப்பே இல்ல" என்றாள் எல்லம்மா. அவள் சொன்னது நியாயம். கைநாட்டுக்காரனாக இருந்திருந்தால் அழையாத இடத்துக்குச் சிரித்துக்கொண்டே வந்து நின்றிருப்பேன்.

உங்கள்மேல் வருத்தம் இல்லை. கூப்பிடாததுதான் சரி. ஏன் சரி என்பது உங்களுக்கே முழுசாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். பாகீரதி அம்மாவின் மகன் சுஹாஸ் சார் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து, இரண்டே பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். கார் ஷெட்டுக்கு, மேலே மோட்டார் வைத்துத் தானாக ஏறி இறங்கும் கதவும் போட்டார். அதற்குக் கையில் பிடிக்கிற ரிமோட் ஒன்று இருந்தது. ஆனால் அந்த மாதிரிக் காரில் உட்கார்ந்துகொண்டு சட்டைப்பையைத் தடவுவது நன்றாக இல்லை, காருக்குள்ளேயே பொத்தான் இருக்க வேண்டும் என்று, மூன்று பொத்தான் பதித்த பின்பக்கம் பார்க்கிற கண்ணாடி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். "முனிண்ணா, ஜே.சி. ரோடுல உங்க மாப்ள கார் எலக்ட்ரீஷியன்தானே, அவர் பண்ணுவாரா?" என்று என்னைக் கேட்டார். "அவன் கை வெச்சா கட்ட வண்டியிலகூட லைட் எரியும் சார்" என்று சொன்னது நான்தான். மரியாதை இல்லாமல் அவன் இவன் என்று சொன்னது பெருமையில் வந்தது. அதையும் மன்னிக்கவும்.

போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நீங்கள் வந்தீர்கள். காரின் உட்கூரைத் துணியை ஒரு சுருக்கம் இல்லாமல் இறக்கி, உள்ளே வயர் இழுத்து, கண்ணாடியை மாட்டினீர்கள். ரிமோட்டைக் கண்ணாடி பக்கத்தில் பிடித்து இரண்டையும் ஒன்றாக அமுக்கினீர்கள். பிறகு ஏணியில் ஏறி மோட்டாரில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, குதித்து இறங்கி ஓடிவந்து காருக்குள் மறுபடி அமுக்கினீர்கள். ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "அரை நிமிஷத்துல சொல்லிக்குடுத்தாதான் அதுக்கு மனசுல நிக்கும் மாமா" என்றீர்கள். அன்று சாயந்திரம் கதவு பதினாறு தடவை ஏறி இறங்கியது. "அதுக்குப் பாடம் ஏறிடுச்சு மாமா" என்றீர்கள். எனக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது. கண்ணாடி என்னை முந்திக்கொண்டது.

மறுநாள் விடிந்ததும் நான் குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குப் போனேன். இயந்திரம் எதுவும் விட்டுப்போகக் கூடாது இல்லையா? மோட்டாருக்கு வைத்தேன். இரண்டு பக்கத் தண்டவாளக் கம்பிக்கும் வைத்தேன். சுவர்ப் பொத்தானுக்கு வைத்தேன். காருக்கு அம்மா வைத்தார்கள். அப்புறம் பார்த்தால், கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கணுக்கால் உயரத்தில், கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன. யாரும் கவனிக்காத ஏழைப் பிள்ளைகள்போல இருந்தன, மாப்பிள்ளை. பாவம், இதுகளுக்கு யார் வைப்பார்கள் என்று, மண்டி போட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் நிறையச் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கதவு ஏறியது, கார் வெளியே வந்தது, உறவுக்காரர்களும் சுஹாஸ் சாரின் நண்பர்களுமாக இருபது பேர் கை தட்டினார்கள். அவர் மூடுவதற்கு அமுக்கினார். கதவு ஒரு சாண் இறங்கியது, யோசித்தது, திரும்ப மேலே போய்விட்டது. மோட்டார் விளக்கு கண் சிமிட்டியது. மறுபடி அமுக்கினார். மறுபடி ஒரு சாண். மைசூரிலிருந்து வந்த மாமா ஒருவர் பேட்டரி என்றார், இன்னொருவர் மழை ஈரம் என்றார். பாகீரதி அம்மா "திருஷ்டிதான்" என்று சொல்லி இன்னொரு பூசணிக்காய் உடைக்கச் சொன்னார்கள். உடைத்தேன். உடைத்துவிட்டு, திருஷ்டி போகட்டும் என்று எல்லாவற்றுக்கும் இரண்டாம் முறை பெரிய பொட்டாக வைத்தேன். அந்த இரண்டு கண்ணாடிக்கும்தான்.

உங்களுக்குப் போன் போனது. சாமி கும்பிடுவதைப் பாதியில் விட்டு வந்தீர்கள். சொல்லிக்கொடுத்ததை எல்லாம் அழித்துவிட்டு மூன்று தடவை புதிதாகச் சொல்லிக்கொடுத்தீர்கள். கையில் இருந்த ரிமோட்டும் மூடவில்லை. சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் மூடியது. அதைப் பார்த்து, "கதவு சரியாத்தான் இருக்கு, இவர் ஏதோ பண்ணப்போய் ரிமோட்டும் கெட்டுப்போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கதவு போட்ட கம்பெனிக்குச் சொன்னால், வெளி ஆள் கை வைத்ததற்கு நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். நீங்கள் நாலாம் முறை கூரைத் துணியை இறக்கினீர்கள். அவசரத்தில் அது ஒரு விரல் நீளம் கிழிந்தது. சுஹாஸ் சார், "ஏனு நாகேஷ் இது? லாரின்னு நெனச்சீங்களா?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். நீங்கள் அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றித் தேடினீர்கள். ஆனால் ஆயுத பூஜையன்று பெங்களூரில் பொட்டு இல்லாத இயந்திரம் எது? பொட்டு இருந்தது யாருக்கும் கண்ணில் படவில்லை.

அப்போது நான் வாயைத் திறந்தேன். என் வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில், "எங்க மாப்ள கை எப்பவுமே அவசரக் கை சார். நேத்தே நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல" என்றேன். முந்தின நாள் நான் ஒன்றும் சொல்லவில்லை, மாப்பிள்ளை. கதவு ஏறி இறங்கியதை எண்ணிக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்து, "சரிங்க மாமா" என்று ஒரே வார்த்தை சொன்னீர்கள். ஸ்க்ரூ டிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் வைத்தீர்கள். அதே மாதிரிக் கண்ணாடி மாட்டித் தரக் கேட்டிருந்த சாரின் மூன்று நண்பர்களும் உங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஜே.சி. ரோடில் நல்ல கார் எதுவும் உங்கள் கடை வாசலில் நிற்கவில்லை என்றும், கடையை எடுத்துவிட்டு அத்திபெலேக்குப் போய்விட்டீர்கள் என்றும் வீணா அழுதுகொண்டே அவள் அம்மாவிடம் சொன்னாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. "ஒரு வார்த்த பேசாம இருந்திருந்தா பொண்ணு வீட்டுக்கு வந்திருப்பா" என்று எல்லம்மா இன்றைக்கும் சோறு போடும்போது சொல்கிறாள்.

இன்னும் ஒன்றை எழுத இரண்டு நாளாகக் கை வரவில்லை. சுவர்ப் பொத்தானை அழுத்திப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. காலையில் சார் போனதும் பிடிக்க வேண்டும், சாயந்திரம் வந்ததும் பிடிக்க வேண்டும். நான் இல்லாமல் கதவு மூடாது. அதில் எனக்குக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் குளித்து, எல்லாவற்றுக்கும் புதுப் பொட்டும் வைத்துவந்தேன். "உன் பக்திக்கு ஈடே இல்லப்பா" என்று அம்மா சொல்வார்கள். நானும் தலையைக் குனிந்துகொள்வேன்.

போன மாதம் ஒரு சாயந்திரம் சாய்வாக மழை அடித்தது. கதவு திறந்திருந்ததால் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்து, அந்தக் கண்ணாடிகளில் இருந்த சந்தனமும் குங்குமமும் சிவப்பாகக் கரைந்து ஓடியது. யாரும் சீண்டாமல் ஆணியில் தொங்கிய ரிமோட்டைத் துடைத்துவைக்க எடுத்தேன். விரல் பட்டுவிட்டது. கதவு சுகமாக இறங்கி மூடிக்கொண்டது. எனக்கு மயிர் சிலிர்த்தது, தெய்வம் கண் திறந்தது என்று நினைத்தேன். நன்றி சொல்ல ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணம் எடுத்து வந்து, கதவைத் திறந்து, மறுபடி பொட்டு வைத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். ஒரு சாண் இறங்கி மேலே போய்விட்டது. துடைத்தேன், மூடியது. வைத்தேன், மூடவில்லை. துடைத்தேன். மூன்று தடவைக்கு மேல் செய்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழே யாராவது நின்றால் நசுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வைத்த கண் அது. நான் எட்டு மாதம் அதை மூடி வைத்திருக்கிறேன். உங்கள் வேலையில் ஒரு குற்றமும் இல்லை, மாப்பிள்ளை.

ஆனால் இதைச் சுஹாஸ் சாரிடம் இன்னும் சொல்லவில்லை, பொட்டையும் பழையபடி வைத்தே வருகிறேன். மூன்று நாள் அவர் முன்னால் போய் நின்றேன். "என்ன முனிண்ணா?" என்பார். "மழ வரும்போல கீது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அதனால் ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். இந்த வெள்ளி பொட்டைக் கொஞ்சம் சின்னதாக்குவது, அடுத்த வெள்ளி இன்னும் சின்னதாக்குவது. ஒரு மாதத்தில் கதவு தானாகக் குணமானதுபோல் இருக்கும். அப்போது, "எங்க மாப்ள செஞ்ச வேல இப்பத்தான் சார் புடிச்சிக்கீது" என்று நானே சொல்லி உங்கள் பேரைத் தூக்கி நிறுத்திவிடுவேன். அதுவரை இது நம் இருவருக்குள் இருக்கட்டும். முக்கியமாகப் பாகீரதி அம்மாவுக்கு எட்டக் கூடாது. பதில் போடுவதானால் ஒக்கலிபுரம் வீட்டுக்கே போடவும்.

வரும் ஆனி பத்தாம் தேதி பேத்திக்குக் காது குத்தும்போது அவள் அழுவதைப் பார்க்க எனக்கு ஆசை. பார்க்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் வார்த்தை வராமல் அத்திபெலே எல்லையில் கால் வைக்க மாட்டேன், இது சத்தியம். வீணாவுக்கும் பேத்திக்கும் என் ஆசி. உங்கள் கை தொட்ட விளக்கெல்லாம் நின்று எரியட்டும்.

இப்படிக்கு, தப்புச் செய்த மாமனார்,
மு. முனிகிருஷ்ணன்
(கையெழுத்து, கைநாட்டு அல்ல)
15-6-2006

பின்குறிப்பு: முதல் கடிதம் பிழை இல்லாமல் போக வேண்டும் என்று, இதைப் பாகீரதி அம்மாவிடமே திருத்தக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது எழுத்துகளைப் பற்றி மட்டும்தான் என் நினைப்பு. முதல் இரண்டு பக்கமும் சிவப்புப் பேனா ஓடியது. மூன்றாம் பக்கம் நின்றுவிட்டது. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "டேய் சுஹாஸ், கொஞ்சம் இங்க வா" என்றார்கள். அவருக்குத் தமிழ் படிக்க வராது. அம்மா எல்லாவற்றையும் சத்தமாகப் படித்தார்கள், நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் நேராக ஷெட்டுக்குப் போய், குனிந்து, தன் சட்டைக் கையாலேயே அந்த இரண்டு கறுப்புக் கண்ணாடியையும் துடைத்தார். காரில் உட்கார்ந்து, நீங்கள் மாட்டிய கண்ணாடியில் அமுக்கினார். கதவு மூடியது. திறந்து வந்ததும் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "முனிண்ணா, அவரை இருபது பேர் முன்னாடி பேசினேன். இருபது பேர் முன்னாடிதான் சாரி சொல்லணும். அங்க எப்ப அத்தன பேர் இருப்பாங்க?" என்று கேட்டார். காதுகுத்து என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

ஆகையால் மேலே எழுதியதில் யாருக்கும் தெரியக் கூடாது என்றது, பொட்டைச் சின்னதாக்குகிறேன் என்றது, எல்லையில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தது எதையும் கணக்கில் எடுக்க வேண்டாம். கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினால் இன்னும் பதினோரு நாள் ஆகும், அதனால் அப்படியே தபாலில் போடுகிறேன். பத்தாம் தேதி காலை சுஹாஸ் சார் வருகிறார். காரில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால், பத்திரிகை வந்தவள் பஸ்ஸில் வருகிறாள், வராதவன் காரில் வருகிறேன். இன்றைக்கு அதில் உட்கார்ந்து பார்த்தேன், மாப்பிள்ளை. தரையோடு தரையாக இருக்கிறது. ஒருவர் கை கொடுத்துத் தூக்காமல் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. அன்றைக்குச் சாரைக் கை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உங்கள் வாசலில் கார் நிற்கும். நீங்கள் வந்து கை கொடுத்தால் இறங்குகிறேன். இல்லையென்றால் உள்ளேயே உட்கார்ந்து, பேத்தி அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, அப்படியே திரும்பிப் போகிறேன்.