கதிரையில் தைத்த மயில்

"எழும்பேலாது அம்மா. என்னைக் கதிரையோடை சேத்துத் தைச்சுப்போட்டன்."

குசினியில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்த இராசமலர் ஓடிவந்து பார்த்தாள். மகள் யதுர்ஷிகா சொன்னது பொய்யில்லை. அவள் மடியில் எம்பிராய்டரி வளையம். வளையத்துக்குள் வால் முடியாத மயில். அந்த வாலின் நூல் துணியைத் துளைத்து, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் துளைத்து, கதிரையின் வயர்ப் பின்னலுக்குள்ளும் புகுந்து வெளியே வந்திருந்தது.

"பொம்பிளை பாக்க வாற நாளிலை உனக்கென்னடி தையல் வகுப்பு?"

"நான் என்ன செய்ய? இண்டைக்குக் கட்டாயம் நிக்கவேணுமாம். கமராவை நிப்பாட்டினா வகுப்பாலை எடுத்துப்போடுவினமாம்!"

மேசையில் சாய்த்து வைத்த போனில் லண்டன் ரீச்சரின் இரண்டு கைகள் தெரிந்தன. மூன்று மாதமாகத் தெரிந்ததும் அந்தக் கைகள்தான். இலவச வகுப்பு. ரீச்சர் முகம் காட்டமாட்டார்; பிள்ளைகள் காட்டியே ஆகவேண்டும்.

"யதுர்ஷிகா, தையலின்ரை பின்பக்கத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

பின்பக்கம் கதிரைக்குக் கீழே கிடந்தது.

"சிக்னல் இல்லை ரீச்சர்!"

இராசமலர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நூலைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தாள். நூல் அறவில்லை. முடிச்சு இறுகி, மயிலின் கழுத்துச் சுருங்கி, அது கோழியானதுதான் மிச்சம். கத்தரிக்கோலைத் தேடுவதற்குள் படலையடியில் ஓட்டோ வந்து நின்றது.

யதுர்ஷிகா கொசுவத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். கிளிநொச்சி மாப்பிள்ளை தயாபரனின் படத்தை, பிடிக்காததுபோல முகத்தை வைத்துக்கொண்டு, தாய்க்குத் தெரியாமல் எத்தனையோ தரம் பார்த்துவிட்டாள். இந்தச் சம்பந்தம் மட்டும் தவறக்கூடாது!

மாப்பிள்ளையின் தாய் பரமேஸ்வரியும் தாய்மாமன் யோகநாதனும் உள்ளே வந்தார்கள். யதுர்ஷிகா இருந்தபடியே கும்பிட்டாள். மாமியாரைக் கண்டும் எழும்பாத மருமகளா? பரமேஸ்வரியின் முகம் சுண்டிப்போயிற்று.

"பிள்ளைக்குக் காலிலை சுளுக்கு," இராசமலர் அவசரத்துக்கு ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

யோகநாதன் சால்வையை இடுப்பில் கட்டினார். "சுளுக்கோ? எங்கடை பக்கத்திலை மாட்டுக்கும் மனுசருக்கும் நான்தான் பாக்கிறனான். காலை நீட்டும் பிள்ளை."

"வேண்டாம் மாமா, இப்ப சுகம்!"

"சுகமெண்டா எழும்பும்."

"இல்லை, நோகுது!"

"அப்ப நீட்டும்."

அவர் திருகிய திருகில் கணுக்கால் 'மடக்' என்றது. அதுவரை இல்லாத சுளுக்கு இப்போது உண்மையாகவே வந்து சேர்ந்தது. யதுர்ஷிகா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சுது! இனி எழும்பி நடவும்," என்று அவள் கையைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார்.

யதுர்ஷிகா எழும்பினாள். கதிரையும் எழும்பியது. எழும்பிய கதிரையின் கால், இராசமலர் நீட்டிய தேத்தண்ணித் தட்டில் ஓங்கி இடித்தது. அவ்வளவு தேத்தண்ணியும் எதிரில் இருந்த பரமேஸ்வரியின் மடியில்!

முதுகுக்குப் பின்னால் கதிரை தொங்க, யதுர்ஷிகா கண்ணை மூடிக்கொண்டாள். போச்சு. தயாபரன் போச்சு.

பரமேஸ்வரி சேலையை உதறிக்கொண்டு எழும்பினாள். அப்போது கவிழ்த்து வைத்த போனுக்குள்ளிருந்து லண்டன் ரீச்சரின் குரல் அலறியது.

"அம்மா, கோவிச்சுக்கொண்டு வெளிக்கிடாதேங்கோ! இவ்வளவு பட்டும் பிள்ளை ஒருக்காக்கூடக் கத்தேல்லை, பாத்தியளே? எங்களுக்கு இவதான் சரி!"

பரமேஸ்வரி பாய்ந்து போய்ப் போனை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"மைக்கை நிப்பாட்டடி விசரி! உன்ரை தம்பிக்குப் பாத்த மற்றப் பொம்பிளையளும் வகுப்பிலை இருந்து கேட்டுக்கொண்டெல்லோ இருக்கினம்!"