விளம்பரத்துக்கு உகந்த திட்டு

இந்தத் தீபாவளிக்குள் மாமனாரின் காலண்டர் பிரஸ்ஸுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுவது என்று ஊர்க்காவலன் சபதம் எடுத்தான். மாப்பிள்ளை என்றுதான் பேர்; பண்டலுக்குக் கயிறு கட்டுகிற உத்தியோகம். சொந்தக் காலில் நிற்க வேண்டாமா?

அதற்காகத்தான் வீடியோ சேனல். சிவகாசிக்காரன் வேறென்னத்தைக் காட்டுவான்? புது ரக வெடிகளைக் கொல்லையில் வெடித்துக் காட்டினான். வீடியோ கம்பெனிக்காரர்கள் ‘ஆபத்தான செயல்’ என்று எச்சரித்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை என்றதும் சேனலையே தூக்கிவிட்டார்கள்.

“வெடி வெடிச்சா ஆபத்தாம் புள்ள! பெறகு என்னத்த வெடிக்க? அப்பளத்தையா?”

“அதையாச்சும் கருகாமப் பொரிப்பீகளா?” என்றாள் மனைவி ஸ்ரீமதி.

மேல்முறையீடு செய்தான். ‘ஐயா, எங்க ஊருக்கே இதுதான் பொழப்பு’ என்று உருகி உருகி எழுதினான். போனைக் கீழே வைக்குமுன் பதில் வந்தது: ‘நிதானமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை.’ அம்புட்டு நிதானம்! போதாக்குறைக்கு, அவன் பேரில் இனி வேறு சேனலும் தொடங்கக் கூடாதாம்.

அப்போதுதான் பழைய வீடியோவுக்கு ஒருவர் போட்ட கமெண்ட் ஞாபகம் வந்தது. ‘வெடிய விட, பின்னாடி திட்டுற அக்கா சத்தம் சூப்பர்!’

அடடா! வீட்டுக்குள்ளேயே சரவெடியை வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்திருக்கிறானே மனுசன்!

மனைவி பேரிலேயே புது சேனல் தொடங்கினான். சேனல் யார் பேரோ, பேங்க் கணக்கும் அவர் பேரில்தான் வேண்டுமாம். அதுக்கென்ன, அவள் ஏடிஎம் கார்டு பீரோவில்தானே கிடக்கிறது!

“கேஸ் மானியத்துக்கு உன் போனுக்கு ஒரு நம்பர் வரும். சொல்லு புள்ள.”

ஸ்ரீமதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சொன்னாள்.

மிக்ஸிக்குப் பின்னால் போனை ஒளித்துவைத்தான். முகம் தெரியாது, கரண்டி தெரியும். ஈரத்துண்டை மெத்தையில் போட்டான். ரசத்தில் உப்பை அள்ளிக் கொட்டினான். பூசை ஆரம்பமானது. பார்க்கிற கூட்டம் கூடியது.

ஆனால் வீடியோவுக்கு மஞ்சள் குறி விழுந்தது. கெட்ட வார்த்தை இருந்தால் விளம்பரம் கிடையாதாம். ‘திட்டு, ஆனா நாகரிகமாத் திட்டு’ என்று பெண்டாட்டியிடம் போய்ச் சொல்ல முடியுமா? நல்லகாலம், கெட்ட வார்த்தைகள் தானாகவே நின்றன. பழமொழியும் கிண்டலுமாகத் திட்டு வந்தது. நடுநடுவே நிறுத்தி மூச்சுவிட்டாள். விளம்பரம் போட என்ன தோதான இடம்! ‘புள்ளைக்கு நம்ம மேல பாசம் வந்துருச்சு’ என்று ஊர்க்காவலனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

குறி பச்சையானது. ஒரு வழியாகக் காசும் கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்தது. நேரே பிரஸ்ஸுக்குப் போனான்.

“மாமா, நாளையிலருந்து கயிறு கட்ட வேற ஆளப் பாத்துக்கோங்க!”

நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தான். கார்டைக் காணோம்.

“என்ன தேடுறீக?”

“ஏடிஎம் கார்டு புள்ள... அந்த மானியம்...”

“வந்துருச்சு. சேனல் பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்.”

“ஏ புள்ள! அது என் சேனல்!”

“பேரு எனக்கு. பேங்க்கு எனக்கு. தொண்டைத்தண்ணி வத்துறதும் எனக்கு. நீங்க யாரு?”

“ஐடியா குடுத்தவன்!”

“அந்தப் பதவிக்குக் கம்பெனியில சம்பளம் கெடையாதாம்.”

“உனக்கு... எப்பருந்து தெரியும்?”

“மிக்ஸிக்குப் பின்னாடி போன வச்சா, சட்னி அரைக்கிறவளுக்குத் தெரியாதா? மஞ்சக் குறியப் பாத்துத்தான் வார்த்தைய மாத்துனேன். அப்பாகிட்டயும் பேசிட்டேன். வெயில்ல ஏதோ உளறிட்டாருன்னு சொல்லியிருக்கேன். காலையில ஒழுங்கா வேலைக்குக் கெளம்புங்க.”

காசு போச்சு. சபதம் போச்சு. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆறுதல்தான். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குழைந்தான்.

“போகட்டும் புள்ள. அப்போ நீ திட்டுனதெல்லாம் நடிப்புதான?”

“நடிச்சு ஏமாத்துனா சேனலத் தூக்கிருவாகளாம்ல,” என்றாள் ஸ்ரீமதி. “ஒரு வார்த்தை பொய் கலக்கல.”