எழுபது கிலோ கூடுதல்

கடலில் இருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, கரையில் இருக்கும் உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை, நிறைமாதமாக இருக்கும் உங்கள் மனைவி மூவரும் நலம். நீங்களும் உங்கள் கப்பல் எஞ்சினும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நடுக்கடலில் உங்கள் போன் எடுக்காது என்பதால் இதை அடுத்த துறைமுகத்து அலுவலகத்துக்கு அனுப்புகிறேன். தயவுசெய்து பகலில், நாலு பேர் பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஷெட்டில் நிற்கும் அந்தப் பழைய பட்டாள ஆம்புலன்ஸில் என் மகளும் ஏறக்கூடாது, பிறக்கப்போகும் குழந்தையும் ஏறக்கூடாது. "குழந்தை வீட்டுக்கு வர்றது என் வண்டியிலதான்" என்று நீங்கள் புறப்படும்போது சொல்லிவிட்டுப் போனதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னால், வயதாகிவிட்டதால் உளறுகிறேன் என்கிறாள். நீங்கள் சரி என்று ஒரு வரி எழுதினால் போதும், வண்டியை உங்கள் பழைய பட்டாள வண்டிச் சங்கத்துச் செயலாளரான அந்தப் பல் டாக்டரின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

மூன்று வருடம் தொடர்ந்து வராத வண்டியைச் சங்கப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள், இந்த வருடக் கூடலுக்கு மாமாதான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால்தான் நான் போனேன். மகளுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு டீச்சரை வைத்துவிட்டு, உங்கள் அத்தையை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கூடல் நடக்கும் மைதானத்துக்குள் நுழைய ஒரு மரப்பாலத்தைத் தாண்ட வேண்டும், அது தாங்குமா என்று பார்க்க ஒவ்வொரு வண்டியையும் வாசலில் எடைமேடையில் ஏற்றி இறக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குப் பரம சந்தோஷம். முப்பத்திரண்டு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் எடைமேடையைக் கண்டால் வேறென்ன செய்வான்? வண்டி 2,740, நான் 61, உங்கள் அத்தை 74 (நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்), ஆக 2,875 என்று வாயாலேயே சொன்னேன். மேடை 2,945 காட்டியது. எழுபது கிலோ கூடுதல்.

மேடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டேன். "ஐயா, காலையில இருந்து நாப்பது வண்டி ஏத்தியிருக்கேன், எல்லாம் சரியா காட்டுது" என்றார். எங்கள் இருவரையும் இறங்கச் சொன்னார். 2,810. அதே எழுபது. பின்னால் ஜீப்புகள் ஹாரன் அடிக்க அடிக்க, ஜாக்கியை இறக்கினேன், ஸ்டெப்னியை இறக்கினேன், அவற்றின் எடையைக் கழித்தேன், எழுபது போகவில்லை. அப்போதுதான் மேடைக்காரர் வண்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னங்கய்யா, ஆளை உள்ளயே உட்கார வெச்சுட்டு எடை சரியில்லைங்கறீங்க?"

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்ட்ரெச்சர், மடித்த கம்பளி, அவ்வளவுதான். ஆனால் இடதுபக்க ஸ்ட்ரெச்சரின் கித்தான் நடுவில் உள்வாங்கியிருந்தது. வண்டி இடதுபக்கம் பின்னால் தாழ்கிறது என்று மூன்று முறை ஸ்பிரிங் பட்டை மாற்றினீர்களே மாப்பிள்ளை, அது நினைவுக்கு வந்ததும் பின்கதவைச் சாத்திவிட்டேன்.

உள்ளே போனால் நடுவர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்து, "இந்தப் போல்ட் புதுசு, அரை மார்க் போச்சு. இந்த வைப்பர் அப்புறம் வந்தது, ஒரு மார்க் போச்சு" என்று முனகிக்கொண்டே பின்னால் ஏறினார். கால்மணி நேரம் கழித்து, பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி முகம் மலர இறங்கினார். "உள்ள உட்கார வெச்சிருக்கீங்களே, பிரமாதம் சார்! பொத்தான், பெல்ட், ஷூ லேஸ் முடிச்சு வரைக்கும் அந்தக் காலத்து அசல். ஒண்ணே ஒண்ணு, அவர் பேச மாட்டேங்கறார். கண்ணையும் சிமிட்டலை. ரொம்ப ஒழுங்கு." நான் என் பங்குக்குக் கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஊர்வலப் பைத்தியங்களுக்குத் திருகாணி மாறியிருந்தால் தெரிகிறது, இருக்கவே கூடாத ஒரு ஆள் இருந்தால் தெரியவில்லை.

உங்கள் அத்தையிடம் சொன்னால், "ஆமா, அந்தத் தம்பியா? காலையில நம்ம ஷெட்லயே உட்கார்ந்திருந்தாரே. சங்கத்து ஆள்னு நினைச்சேன். பாவம், கை ரெண்டும் நீலம் பாரிச்சிருக்கு, குளிரு போல" என்கிறாள். அவளுக்குத் தெரிகிறது, மேடைக்காரருக்குத் தெரிகிறது, நடுவருக்குத் தெரிகிறது. எனக்கு மட்டும் தெரியவில்லை. எல்லாரும் சேர்ந்து என் காதில் பூ சுற்றுகிறார்கள் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு அணிவகுப்பு. வரிசையில் ஆறாவதாக என்னை விட்டார்கள். கிளம்பும்போது என் முதுகுக்குப் பின்னாலிருக்கும் தகரத் தடுப்பில் டக் டக் என்று இரண்டு தட்டு. திரும்பிப் பார்க்காமல் ஓட்டினேன். அரைச் சுற்று போனதும் டக் என்று ஒரே தட்டு. என்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த ஆறு ஜீப்புகள் ஒன்றையொன்று முத்தமிட்டன. ஆறு சொந்தக்காரர்களும் என்னைப் பிய்த்துத் தின்ன வந்தார்கள். பல் டாக்டர்தான் குறுக்கே புகுந்து, "ஆம்புலன்ஸ்ல பின்னாடி இருக்கற உதவியாளர் ஒரு தட்டு தட்டினா நிக்கணும், ரெண்டு தட்டினா போகணும். இவர் செஞ்சது அந்தக் காலத்து முறை" என்று எனக்காக வாதாடினார். எதற்காக நிறுத்தச் சொன்னது என்று பார்த்தால், நாங்கள் நின்றது தேநீர்க் கூடாரத்துக்கு நேர் எதிரே. உங்கள் அத்தை மூன்று கோப்பை வாங்கிவந்தாள். மூன்றும் காலியாகத் திரும்பின. நான் என்னுடையதைத் தொடவே இல்லை.

அசல் தன்மைக்கான முதல் பரிசு நமக்குத்தான். கேடயம் உங்கள் டிவி மேல் இருக்கிறது. பதிவேட்டில் "ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர், உதவியாளர் ஒருவர்" என்று எழுதி, மூன்றாவதற்கு நேராக ஒரு கையெழுத்தும் இருந்தது. அது பெயர் இல்லை, பட்டாளத்துக்காரர்களுக்குக் கொடுக்கும் எண் மாதிரி ஏழு இலக்க எண். மை காயாமல் இருந்தது. வெளியே வரும்போது மேடையில் மறுபடியும் எழுபது கூடுதல். குடித்த தேநீரை அந்த மேடை காட்டாது, ஐந்து கிலோவுக்குக் குறைந்தால் அதற்குக் கண் தெரியாது.

மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் பற்றிய பயம் இல்லை, நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். நீலம் பாரித்த கையோடு ஒன்று உட்கார்ந்திருக்கும் இடத்தில் பச்சைக்குழந்தையை எப்படி வைப்பேன்? அது எதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது? உடனே பதில் எழுதுங்கள். உங்களுக்கு நீண்ட ஆயுளும், அமைதியான கடலும், பழுதில்லாத எஞ்சினும் வாய்க்க வாழ்த்தும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனம் வராமல் அப்படியே அனுப்புகிறேன். கடிதத்தைத் தபாலில் போடும் முன்பே, இரண்டு வாரம் முன்கூட்டி, கொட்டுகிற மழையில் காலை பத்து மணிக்கு உங்கள் மனைவிக்கு வலி வந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஒரு டாக்சியும் வரவில்லை. அந்தத் தண்ணீரில் போகக்கூடியது உங்கள் வண்டி ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அவளை வலதுபக்க ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, அத்தையையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரிக்கு முந்தைய சிறு பாலத்தருகே டக் என்று ஒரு தட்டு. நின்றேன். இறங்கிக் குடையால் குத்திப் பார்த்தால், பத்தடி முன்னால் தண்ணீருக்குக் கீழே பாலமே இல்லை. பின்னால் வந்து வேறு சாலையில் திரும்பியதும் டக் டக்.

பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது கிராம். தராசின் முத்திரையைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். உங்கள் மனைவி கண்விழித்ததும் கேட்டாள்: "அப்பா, என் இடது கையை அம்மா பிடிச்சிருந்தாங்க. வலது கையைப் பிடிச்சிருந்தது யாரு? ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஆனா கடைசி வரைக்கும் விடவே இல்லை." எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டியைப் பல் டாக்டருக்குக் கொடுக்கவே கூடாது. குழந்தை அதில்தான் வீட்டுக்கு வந்தாள்.

நேற்று வண்டியைத் தனியாக அந்த எடைமேடைக்கு ஓட்டிக்கொண்டு போய், நானும் இறங்கி நின்று பார்த்தேன். 2,740, மிகச் சரி. இடதுபக்கம் தாழவும் இல்லை. அவர் வந்த வேலை முடிந்து போய்விட்டார் என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். குழந்தையை வாராவாரம் நிறுக்கத் தொட்டிலுக்கு இடதுபக்கம் ஒரு மேடைத்தராசு வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அதன் மேல் யாரும் இல்லை. அறுபத்தெட்டு கிலோ நானூறு கிராம் காட்டுகிறது. தராசில் பிழை இல்லை மாப்பிள்ளை, நானே சோதித்துவிட்டேன்.