டூலெட் தர மறுத்த கடைசி சாம்பிள்

பெங்களூரில் தன் வயிற்றுக்குள்ளேயே கோடிக்கணக்கில் குடித்தனக்காரர்களை வைத்திருந்த ஒரே வீட்டு புரோக்கர், எங்கள் ஜோகுபாளையம் ‘டூலெட்’தான். சொந்தப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். மூன்றாம் வகுப்பைத் தாண்டாமல், செங்கல் சுமந்தே நாலு மாடி எழுப்பியவன் நான். அந்த நாலு மாடிக்கும் ஆள் பிடித்துத் தந்தவன் அவன். மனைவி போனபின் அவன் தனிக்கட்டை.

ஒருநாள் மூச்சிரைக்க வந்தான்.

“அண்ணா, என் வயித்துக்குள்ள கோடி கோடியா பாக்டீரியா குடியிருக்காம்!”

“அக்ரிமென்ட் போட்டியா?”

“வெளையாடாதண்ணா, டாக்டருங்க சொல்றாங்க!”

விஷயம் இதுதான். நோய்நொடி இல்லாதவர்களுக்கு வைட்டமின் டி மாத்திரை கொடுத்து, குடலில் உள்ள பாக்டீரியா மாறுகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. மாத்திரைக்கு முன்னும் பின்னும் மோஷன் சாம்பிள் தரவேண்டும். ‘ஆரோக்கியமானவர்’ என்று தன்னைத் தேர்ந்தெடுத்த காகிதத்தை டூலெட் லேமினேட் செய்து, தெருவெல்லாம் காட்டினான்.

முதல் சாம்பிள் டப்பாவை மைசூர்பாகு பெட்டிக்குள் வைத்து, ஆட்டோவில் மடிமேல் ஏந்தி ஆஸ்பத்திரிக்குப் போனான். வாசலில் வாட்ச்மேன், “என்னா சார் விசேஷம்?” என்று கையை நீட்டியிருக்கிறான்.

“மொதல்ல டாக்டருக்குப்பா!” என்று இவன் உள்ளே ஓடியிருக்கிறான்.

மாத்திரை தொடங்கியதும், அங்கிருந்து ஒரு நர்ஸ் பெண் தினம் காலையில் போன் செய்தாள். “மாத்ரே ஆய்தா அங்கிள், மாத்திரை போட்டாச்சா? தூங்கினீங்களா? மோஷன் போச்சா?” டூலெட் எழுந்து நின்று, முந்தின நாள் தின்ற பஜ்ஜியிலிருந்து வரிசையாகச் சொல்வான்.

பன்னிரண்டு வாரம் முடிந்தது. கடைசி சாம்பிள் கேட்டார்கள்.

“வரலம்மா,” என்றான்.

நாலு நாளாக அதே பதில். அந்தப் பெண் பயந்துபோய் மூன்று வேளையும் கூப்பிட்டாள். நான் முழுப் பப்பாளி வாங்கிக் கொடுத்தேன். அதைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போட்டுவிட்டான். பலன் ஆட்டிடம் தெரிந்தது.

“போர் போட்டு ஆயிரம் அடியில தண்ணி எடுத்தவன் நானு. எங்கிட்டயே மறைக்கிறியா?” என்று அதட்டினேன்.

டூலெட் தலையைக் குனிந்துகொண்டான். “தெனம் போவுதுண்ணா. குடுத்துட்டா ஆராய்ச்சி முடிஞ்சிடும். அப்பறம் அந்தப் பொண்ணு எதுக்கு போன் பண்ணும்? எம் பொண்டாட்டி போனதுலேர்ந்து, சாப்ட்டியா தூங்குனியான்னு ஒருத்தரும் கேட்டதில்லண்ணா.”

சாம்பிள் டப்பாவை எடுத்து அவன் கையில் வைத்தேன்.

“உன்னால அந்தப் பொண்ணு வேலை நிக்குதுடா. குடுத்துடு,” என்றேன். கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலை அவனுக்கு நானே போன் அடித்தேன். முதலில் கூச்சப்பட்டான். பிறகு பழகிவிட்டது.

சில மாதம் கழித்து ஒரு காலையில் சொன்னான்: “ரிசல்ட் வந்துடுச்சுண்ணா! ரத்தத்துல டி ஏறியிருக்காம். பாக்டீரியாவும் கொஞ்சம் மாறியிருக்காம். அது நல்லதா கெட்டதான்னு இப்பவே சொல்ல முடியாதாம்.”

“என்னடா இது?”

“புதுசா குடிவந்தவங்கண்ணா. பழகினாதானே தெரியும்!”

“சரி, ராத்திரி தூங்குனியா?” என்றேன். அதைக் கேட்காமல் இப்போதெல்லாம் எனக்குக் காபி இறங்குவதில்லை.