கப்பித்தேன் கொடுத்த பாட்டில் பற்றி மாமாவுக்கு

உப்பளம், புதுச்சேரி
மார்கழி 6

பெருமதிப்புக்குரிய மாமா ஜானகிராமன் அவர்களுக்கு,

உங்கள் மச்சினன் வெற்றிச்செல்வன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு எழுதுவது. இரண்டு கையையும் கூப்பினால் எப்படி எழுதுவாய் என்று கேட்பீர்கள். கூப்பிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அன்னக்கிளியும் பிள்ளைகளும் நலம். தெருவில் தேங்கின மழைத்தண்ணீர் வடிந்துவிட்டது, அதுவும் நலம். கொல்லையில் நிற்கிற முருங்கை மட்டும் நலமில்லை. போன பங்குனியில் நீங்களும் அக்காவும் பிரெஞ்சு தேசத்துக்குப் பிளேன் ஏறின வாரத்திலிருந்து இலை உதிர்த்து உதிர்த்து இப்போது விறகாக நிற்கிறது. உங்களைப் பிரிந்த ஏக்கம் என்கிறாள் அன்னக்கிளி. எனக்கு அப்படி ஒன்றும் வரவில்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நெஞ்சு ஆபரேசன் முடிந்து நீங்கள் எழுந்து நடக்கிறதை அக்கா வீடியோவில் காட்டினாள். ஆஸ்பத்திரிச் சட்டை முதுகுப்பக்கம் திறந்து கிடந்தது. இங்கே குடும்பமே பார்த்தது, யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் என்கிற மரியாதைதான். தை மாதம் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும்போது நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வரவும்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் அக்கா ஸ்பீக்கரில் போடுவாள், அங்கே உங்கள் தெருவே கேட்கும். இது நீங்கள் மட்டும், உட்கார்ந்துகொண்டு, மாத்திரை போட்ட பிறகு படிக்க வேண்டியது. நான் அஞ்சாவதோடு நின்றவன், பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளவும். விஷயம் பாட்டில்.

எந்தப் பாட்டில் என்று உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் நீங்கள் சொல்தா சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்றபோது உங்கள் மேலதிகாரி கப்பித்தேன் தன் கையால் கொடுத்த இருபத்தைந்து வருசத்து ஸ்காட்ச். மூடியைத் திறந்து ஒரே ஒரு மடக்கு ருசி பார்த்து, அறுபதாம் கல்யாணத்தன்று பழைய சிநேகிதர்களோடு உட்கார்ந்து முடிக்கணும் என்று என் வீட்டு பீரோவில், அன்னக்கிளியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நீங்களே படுக்க வைத்துவிட்டுப் போனீர்கள். போகும்போது என் தோளில் கை வைத்து, "மாப்ள, புள்ளைய உன்னாண்ட வுட்டுட்டுப் போறேன்" என்று சொன்னீர்கள். அக்கா பக்கத்தில்தான் நின்றாள். சொந்தப் பிள்ளையை ஆஸ்டலில் விட்டபோது நீங்கள் இத்தனை கலங்கவில்லை என்று அப்புறம் என்னிடம் சொன்னாள்.

மாமா, அந்தப் பிள்ளையை முனீஸ்வரனுக்குக் கொடுத்துவிட்டோம்.

தண்ணீர் குடித்துவிட்டு மேலே படிக்கவும். ஐப்பசியில் உங்களை ஆபரேசனுக்குக் கொண்டுபோன அன்றைக்கு அக்கா போனில் அழுத அழுகையில் அன்னக்கிளி பதறிப்போய், நம் ஊர் மேட்டுப்பாளையம் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒரு முனீஸ்வரன் இருக்கிறாரே, லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்திச் சுருட்டு வைத்துவிட்டுப் போவார்களே, அவரிடம் நேர்ந்துகொண்டாள். எங்க அண்ணன் பிழைத்து எழுந்தால் வீட்டில் இருக்கிறதிலேயே ஒஸ்தியான பாட்டிலைப் படைக்கிறேன், என் புருசன் ஒரு வருசம் தொடமாட்டான் என்று. சாமிக்குப் பாட்டில், எனக்குக் கயிறு. பிழைத்தது நீங்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என் வலது கையில் பூசாரி கட்டின கறுப்புக் கயிறு இருக்கிறது, அந்தக் கையால்தான் எழுதுகிறேன். கயிறு கட்டினவன் வீட்டில் வேறு பாட்டில் ஏது. ஆக, இருக்கிறதிலேயே ஒஸ்தியும் அதுதான், இருக்கிறதே அதுதான்.

நேர்த்திக்கடன் செலுத்தப் போன அன்றைக்கு நான் வண்டி ஓட்டினதோடு சரி. பையில் தேங்காய், பழம், சுருட்டு என்றுதான் நினைத்தேன். சாமி முன்னால் அன்னக்கிளி ஒரு பச்சைத் துண்டைப் பிரித்தாள், உள்ளே உங்கள் கப்பித்தேன். எடுக்கலாம் என்று கை போனது, பூசாரி அதற்குள் குங்குமம் வைத்துவிட்டார். குங்குமம் வைத்ததைத் திரும்ப எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை, நீங்கள் பட்டாளம், உங்களுக்கு இருக்கலாம்.

"ஏண்டி, இது மாமா பாட்டில்டி" என்றேன்.

"அண்ணனே போயிட்டா அப்புறம் பாட்டில் யாருக்குங்க?" என்றாள்.

இதற்குப் பதில் உங்களுக்கு வந்தால் எழுதவும்.

பூசாரி கற்பூரம் கொளுத்தி, சுருட்டைப் பற்ற வைத்து, எலுமிச்சம்பழத்தைப் பாட்டில் மேலேயே அறுத்து, ஒரு மூடி கல்லில் ஊற்றினார். வழக்கப்படி ஒரு மடக்கு தானும் வாயில் விட்டுக்கொண்டார். விட்டவர் விழுங்கவும் இல்லை துப்பவும் இல்லை, கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்தார். அந்தக் கோயிலுக்குக் கோபுரம் கிடையாது. பிறகு விழுங்கினார்.

"என்னாம்மா இது?"

"இருவத்தஞ்சு வருசத்து சரக்கு சாமி."

"அப்பயே குடிச்சிருக்கணும்."

வரிசையில் நின்ற ஏழெட்டு பேரும் பிரசாதமாக ஆளுக்கொரு மடக்கு வாங்கினார்கள். வாங்கினவர்கள் எல்லோரும் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார்கள். சாமிக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை, அடுத்த தடவை நம் ஊர் பிராந்தியாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, முக்கால் பாட்டிலைப் பூசாரி திருப்பிக் கொடுத்துவிட்டார். சாமியே திருப்பிக் கொடுத்த சரக்கு, மாமா, உங்கள் கப்பித்தேன் கேள்விப்பட்டால் என்ன நினைப்பாரோ. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ருசி பார்க்கலாம் என்றால் கையில் கயிறு.

அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை, அது என் தப்பு. குறைகிற கால் பாட்டிலுக்கு நம் ஊர்ச் சரக்கை வாங்கி ஊற்றி நிரப்பிவிட்டால் தை மாதம் யாருக்குத் தெரியப் போகிறது என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் என் கயிற்றையே பார்த்தார். எனக்கில்லைங்க, எங்க மாமாவுக்கு என்றேன். எல்லாருக்கும் மாமா இருக்காரு என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார். நிரப்பி, துடைத்து, பீரோவில் பழையபடி படுக்க வைத்தேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. குங்குமம் மட்டும் லேபிளில் ஒட்டிக்கொண்டு போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் சிநேகிதர் நாராயணசாமி சார் வீட்டு மாடியில் ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார். மெக்கானிக் நான்தானே, போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கே அவர்கள் சங்கம். இந்த ஊரில் குடிக்கிறதற்குச் சங்கம் வேண்டுமா என்று நினைத்திருந்தேன், நேரில் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் குடிக்கிறதைவிட எழுதுகிறதுதான் அதிகம். பெரிய நோட்டு, தேதி போட்டு, எந்தப் பாட்டில், என்ன நிறம், என்ன வாசனை, விழுங்கின பிறகு தொண்டையில் என்ன நடந்தது என்று எழுதி மார்க் போடுகிறார்கள். ஒருத்தர் ஆப்பிள் வாசனை என்கிறார், ஒருத்தர் குதிரைச் சேணம் என்கிறார். குதிரைச் சேணத்தை இவர் எங்கே மோந்தார் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ தீவில் காய்ச்சினதாம், ஒரு கிளாஸை என் மூக்குக்குக் கீழேயும் நீட்டினார்கள். வைத்திக்குப்பத்தில் நனைந்த வலையைக் காயப்போட்டு, பக்கத்தில் டயரைக் கொளுத்தின மாதிரி இருக்கிறது என்று உள்ளதைச் சொன்னேன். மூன்று பேரும் தலையை ஆட்டி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எட்டு மார்க்.

சங்கத்தில் நாலாவது ஆள் அக்பர் அலி பாய். அத்தர் கடை வைத்திருக்கிறாரே, ஒன்றாவதிலிருந்து உங்களோடு படித்தவர், அவரேதான். சொட்டுக் குடித்தவர் இல்லை. சிநேகிதத்துக்காக வருவார், ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயைக் குடிப்பார். ஆனால் மூக்கு அவருடைய மூக்கு. மற்றவர்கள் குடித்துக் குடித்துச் சண்டை போடுவார்கள், கடைசியில் குடிக்காத பாய் கிளாஸை ஒரு தடவை மோந்து தீர்ப்பு சொல்வார். அப்பீல் கிடையாது.

நான் ஏசியை முடித்து இறங்கும்போது நாராயணசாமி சார், ஜானகிராமன் சொன்னான், பாட்டிலைப் படுக்க வைத்தா வைத்திருக்கிறாய், கார்க் கெட்டுப்போகுமே, கொண்டு வா பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். கொண்டுபோனேன். கார்க்கைப் பார்க்கிறேன் என்று திறந்தவர்கள் கார்க்கை மேசையில் வைத்துவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒன்று ஊற்றினார்கள். மாமா, உங்களுக்கு நெஞ்சு எப்படி அடித்தது என்று எனக்குத் தெரியாது, என் நெஞ்சு அன்றைக்கு அடித்ததற்கு என்னையும் அறுத்துப் பார்த்திருக்கலாம்.

அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எரிச்சலே இல்லை, பட்டு மாதிரி இறங்குது என்றார் ஒருத்தர். வயதான சரக்கு அப்படித்தான், சத்தம் போடாது என்றார் நாராயணசாமி சார். இன்னொருத்தர் மூன்று கிளாஸ் குடித்து, போதையே ஏறலையே, இதுதாண்டா ஒஸ்தி என்று சொல்லி ஒன்பதரை போட்டார். பிறகு கிளாஸ் பாய் கைக்குப் போனது. அவர் மோந்தார், கண்ணை மூடினார், இன்னொரு தரம் மோந்தார்.

"கற்பூரம். சுருட்டு. எலுமிச்சம்பழம்" என்றார். "அப்புறம் தேயிலை."

தேயிலை உன் பிளாஸ்க்கில் இருந்து வருகிறது பாய் என்று மூன்று பேரும் சிரித்தார்கள். மற்றதை மரியாதையோடு நோட்டில் ஏற்றினார்கள். பாய் சிரிக்கவில்லை, என் கயிற்றைப் பார்த்தார். வாசல்வரைக்கும் கூடவே இறங்கி வந்தார்.

"முனீஸ்வரன் கோயிலுக்குப் போயிட்டு வந்துச்சா அது?"

அந்த மூக்கிடம் என்ன பொய் சொல்ல. எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க வீட்டம்மா அவன் உசுருக்கு நேந்துக்கிச்சு. இதுல மறைக்கிறதுக்கு என்னாய்யா இருக்கு? நீயே எழுதிடு. சபையில நான் மோந்து தெரியறதுக்கு முன்னாடி அவனுக்குத் தெரியணும்."

அதனால்தான் எழுதுகிறேன். மறுநாள் சங்கத்தில் மூன்று பேருக்கும் வயிற்றால் போனதாம், பழைய சரக்கின் வீரியம் என்று அதையும் நோட்டில் எழுதியிருக்கிறார்கள். மாமா, ஏசலாம் என்றால் என்னை ஏசுங்கள். அன்னக்கிளியை ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். வெளியே வீறாப்பாக இருக்கிறாளே தவிர, நீங்கள் வந்து பீரோவைத் திறந்து முகம் சுளித்தால் என்ன செய்வேன் என்று இரண்டு நாளாக மீன்கூட வாங்கவில்லை. உங்கள் பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாதவன் நான், உங்களைக் காப்பாற்றினவள் அவள். மன்னித்தேன் என்று ஒரு வரி அவள் பேருக்குப் போட்டு எழுதுங்கள். வரும்போது ஒன்றும் வாங்கி வரவேண்டாம். நீங்கள் வந்தால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். உப்பைக் குறைத்து, மாடிப்படியில் மெள்ள ஏறி, இன்னும் ஒரு அறுபது நீங்கள் இருக்கணும் என்று இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம், என்னைத் தவிர. என்னை வைத்து வேண்டினால் கையில் இன்னொரு கயிறு ஏறும்.

இப்படிக்கு,
பாட்டிலுக்குக் காவல் இருந்த
வெற்றிச்செல்வன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது அக்கா போன் பண்ணினாள். அன்னக்கிளி மனசு தாங்காமல் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டிவிட்டாள். அக்கா பதிலுக்குத் தன் பங்கைச் சொன்னாள். பங்குனியில் நீங்கள் ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில், கோரிமேட்டுச் சித்தப்பாவைப் பார்க்கப் போயிருந்தீர்களே, அந்த நேரத்தில் குடிக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு உங்கள் ஸ்காட்சைக் கொல்லையில் கொட்டிவிட்டு, பாட்டிலில் அதே நிறத்துக்குப் பாலில்லாத டீ போட்டு ஆற வைத்து ஊற்றினாளாம். முருங்கைக்கு வந்தது ஏக்கம் இல்லை. ஆகவே மேலே எழுதின மன்னிப்பை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பாய் மூக்கிடம் மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்வேன். ஆனால் இப்போது அன்னக்கிளி தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். சாமி ஊசிப்போன டீயை வாங்கிக்கொண்டு உங்களைப் பிழைக்க வைத்திருக்கிறது, நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறது. ஒன்றும் வாங்கி வரவேண்டாம் என்றதை அடித்துவிடவும். ஏர்போர்ட்டில் இருக்கிறதிலேயே ஒஸ்தியாக ஒன்று, சீல் உடையாமல், வாங்கி வாருங்கள். அது உங்களுக்கு இல்லை. அக்கா கையில் கொடுத்துவிடாதீர்கள். அதுவரைக்கும் படி ஏறவே வேண்டாம், உங்கள் நெஞ்சு இன்னும் டீயில்தான் ஓடுகிறது.