வல்லக்கோட்டை ரோட்டில் ஒரு லீக் டெஸ்ட்

நாற்பத்தாறு வயதுவரை ஒன்றை உறுதியாக நம்பியிருந்தேன்: ஆணுறையைப் பெண்கள் கடைக்குப் போய் வாங்கினால், அதற்குப் பெயர் பெண்ணுறை. (சிரிக்காதீர்கள். இத்தனைக்கும் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஒன்றில்தான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன்.)

வீட்டில் அந்த வேலையைப் பற்றி மூச்சுவிடவில்லை. "பார்ட்ஸ் கம்பெனி வண்டி" என்று சொல்லி வைத்திருந்தேன். கார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் அப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். பாலியல் தொழிலாளர்களுக்கு ஆணுறை கொண்டுபோகிறவன் என்று தெரிந்தால், மாமியார் வீட்டில் எனக்கு இலைகூடப் போட மாட்டார்கள் என்று பயம்.

அன்று காலை செல்வி போன் செய்தார். சுங்குவார்சத்திரத்தில் அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி.

"அண்ணா, குடிச்சிட்டு வர்றவன் காண்டம் போட மாட்டேங்கிறான். அவனாண்ட மல்லுக்கட்ட முடியல. நாமளே முன்னாடியே உள்ள வெச்சிக்கிறது ஒண்ணு வந்துகீதாமே, அத்த எடுத்துகினு வா. உங்க ஆபீஸ் மேடம் இங்க வந்துகீறாங்க, மதியம் கெளம்பிடுவாங்க. பொட்டி வரலன்னா, இங்க யாருக்கும் வாணாம்னு முடிவு கட்டிட்டுப் போயிடுவாங்க."

பெண்ணுறைப் பெட்டியை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். வல்லக்கோட்டையில் கை காட்டி நிறுத்தியவர் என் மனைவியின் அண்ணன் தயாளன். முருகனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். பார்ட்ஸ் தொழிற்சாலை ஒன்றில் குவாலிட்டி பார்ப்பவர்.

"இன்னா மாப்ள லோடு?"

"சும்மா... சாம்பிள் பார்ட்ஸ், மச்சான்."

குவாலிட்டிக்காரரிடம் சொல்லவே கூடாத வார்த்தை 'சாம்பிள்'. ஏறி உட்கார்ந்ததுமே டேப்பைக் கிழித்து, ஒன்றைப் பிரித்துத் தூக்கிப் பிடித்தார். நானும் அப்போதுதான் அதை முதன்முதலாகப் பார்க்கிறேன். சாண் நீளப் பை, இரண்டு முனையிலும் வளையம்.

"டஸ்ட் கவரா?"

"ஆமா."

"ஒரு பக்கம் அடச்சிகினு கீதே, எதுல மாட்றது?"

"பம்ப்புல."

"இன்னா பம்ப்பு?"

"புது மாடல், மச்சான்."

"ஆயில் தடவியே அனுப்பறான் பாரு!" என்று மெச்சியவர், தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதற்குள் ஊற்றினார். லீக் டெஸ்ட்! ஜன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார். கோயிலுக்கு நடந்து போகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பிரேக் எது, கிளட்ச் எது என்றே மறந்துவிட்டது.

"ஒரு சொட்டு ஒழுகல! நாலு குடு மாப்ள, எங்க சூப்பர்வைசராண்ட காட்றேன்."

அவ்வளவுதான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினேன். பெட்டியைத் தண்ணீரில் வீசிவிட்டு, வழியில் தொலைந்துபோனதாகச் செல்வியிடம் சொல்லிவிடலாம் என்று திட்டம். (எப்பேர்ப்பட்ட வீரன்!) தலைக்கு மேல் தூக்கியும் விட்டேன்.

"பைத்தியமா மாப்ள! பார்ட்டிக்கு இன்னா பதில் சொல்லுவ?"

பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டவர் அப்புறம் விடவே இல்லை. சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் கூடியிருந்த டீக்கடை மாடிக்கு, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் தண்ணீர்ப் பையுமாக அவரே ஏறினார். நான் பின்னால் போய்க் கதவோரம் பதுங்கினேன்.

அவர் கையில் ஆடிக்கொண்டிருந்த தண்ணீர்ப் பையைச் செல்வி பார்த்தார். "அண்ணா, அது தண்ணி புடிக்கிறதுக்கு இல்ல" என்று ஆரம்பித்து, எதற்கு என்று இரண்டே வரியில் சொல்லிவிட்டார்.

மச்சானின் விபூதி வியர்வையில் கரைந்தது. பையைச் செல்வியிடம் நீட்டிச் சொன்னார்:

"ஒழுகாதும்மா. நானே டெஸ்ட் பண்ணேன்."

மேடம் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு பெண்களுக்குப் பேச்சு சரளமாக வந்தது.

"சரசரன்னு சத்தம் வருமாமே?" என்றார் ஒருவர்.

"வெளிய வளையம் தெரிஞ்சா, இன்னாடி இதுன்னு கேப்பானே?" என்றார் இன்னொருவர்.

"கேக்கற நெலமையில வர்றவனா இருந்தா காண்டமே போட்டுகினு இருப்பானே!" என்றார் செல்வி.

இந்தக் கதையை மச்சான் பொங்கலுக்குப் பொங்கல் சொல்கிறார். ஒவ்வொரு வருஷமும் ஏரி ஆழமாகிறது, நான் பெட்டியைத் தூக்கிய உயரம் கூடுகிறது. சம்பவம் நடந்த அன்று மாலையே வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்; என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "ஏரில போடப் பாத்தியாமே, அந்தப் பொண்ணுங்க இன்னா பண்ணுவாங்க?"

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். பெட்டி மதியத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. சிலர் எடுத்துக்கொண்டார்கள், சத்தம் பிடிக்காதவர்கள் பழைய ஆணுறையே போதும் என்றார்கள். மேடம் தொடர்ந்து அனுப்பச் சொன்னார். செல்வி இன்றும் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.