முத்திரை குத்திய மூச்சு

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாக இருக்கிறது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்லிவிடுவேன். மாடிவீட்டுக்கு வந்த விருந்தாளிகளிடம் சொன்னபோது அப்படித்தான் ஆனது. சிரிக்க வேண்டிய இடத்தில் "ஐயையோ" என்றார்கள். "ஐயையோ" வர வேண்டிய இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதனால் முதல் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் சரியில்லை. போன குளிர்காலத்தில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இனி ஒரு சிகரெட் பிடிச்சீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். இவரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் தலையில் அல்ல, என் தலையில். அன்றிலிருந்து லேசாகத் தலை வலித்தாலும் இவரைத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

இந்த வருடமும் குளிர் வந்தது. பனியில் கலந்த ஊர்ப் புகையைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீடு காணாமல் போனது. பட்டப்பகலில் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு தடவித் தடவிப் போயின. பால்காரர் என் கை என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் பாலைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரும் நல்ல மனிதர். காய்ச்சிக் குடித்துவிட்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிக்கிற வேலை. தராசு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் கடைக்காரரைக் குத்துவார், வாயால். "ஆள் பொய் சொல்வான், கருவி பொய் சொல்லாது" என்பது அவருக்கு வேதவாக்கு. அப்படிப்பட்டவர் ஒரு மீட்டர் வாங்கி வந்தார். உள்ளங்கை அகலம்தான். காற்றில் எவ்வளவு அழுக்கு என்று காட்டும். அளவு மீறினால் வீல் என்று கத்தும். அதைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டுச் சோதித்துவிட்டு, அதன் முதுகில் தன் முத்திரையையே குத்தினார்.

"இனிமே இந்த வீட்ல இது வச்சதுதான் சட்டம். யாரால இது கத்துதோ, அவங்க பால்கனிக்குப் போயிடணும். கத்தறது நிக்கிற வரைக்கும் உள்ளே வரக்கூடாது."

"நான் வெங்காயம் வதக்கினா?"

"கத்தும்."

"வதக்காம எப்படிங்க சமைக்கிறது?"

"அவிச்சுப் போடு."

ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். சாவித் துவாரத்தில் பஞ்சு அடைத்தார். நான் பழக்க தோஷத்தில் வாணலியை எடுத்தாலே போதும், மீட்டர் கத்தும். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு பால்கனியில் நிற்பேன். உருளைக்கிழங்கு அவித்தது, முட்டை அவித்தது, அவித்ததை மறுபடி அவித்தது என்று போனது எங்கள் சாப்பாடு.

அவர் மட்டும் தினமும் காலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அதே புகைக்குள் நடக்கப் போனார்.

"ஏங்க, இந்தப் புகையிலயா?"

"நுரையீரலுக்குப் பயிற்சி வேணாமா? பழகிக்கட்டும்."

ஒருநாள் காலையில் நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. மீட்டர் பால் குடித்த குழந்தை மாதிரி தூங்கியது. அவர் உள்ளே வந்து, "டீ ஆச்சா?" என்றார். வீல்!

"தெருப் புகைடி. ஸ்வெட்டர்ல ஒட்டியிருக்கு."

ஸ்வெட்டரை உருவி வெளியே போட்டேன். மஃப்ளரையும் போட்டேன். பனியனோடு நடுங்கிக்கொண்டே, "இப்பப் பாரு" என்றார். வீல்! வாயை மூடினால் நிற்கிறது. திறந்தால் கத்துகிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "ஐயோ, புகை உங்க உள்ளேயே தங்கிடுச்சுங்க!" என்று அலறினேன். காய்கறிப் பையோடு தெருவிலிருந்து வந்த மாடிவீட்டு அக்கா, நேராக உள்ளே நுழைந்து மீட்டர் முன்னால் நின்றாள். மீட்டர் கம்மென்று இருந்தது.

"ஏன் தம்பி, நானும் அதே தெருவுலேருந்துதானே வர்றேன்? என்னைப் பார்த்து ஏன் கத்தலை?"

"நீங்க குள்ளம். புகை மேலாக்கத்தான் போகும்" என்றார் அவர், வாயைக் கையால் பொத்திக்கொண்டே.

அக்கா முக்காலியில் ஏறி நின்றாள். மீட்டரைக் கையில் வாங்கி ஊதியும் பார்த்தாள். ம்ஹூம்.

"அப்ப இவர் நெஞ்சுக்குள்ள தீயே பிடிச்சிருக்கு அக்கா! டாக்டருக்குப் போன் போடுங்க!"

"டாக்டர் எதுக்கு?" அவர் குரல் கீச்சிட்டது. மீட்டரும் கூடவே கீச்சிட்டது. "மீட்டர் கெட்டுப்போச்சுடி. அவ்வளவுதான்."

நான் மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். "முத்திரை குத்தியிருக்கீங்களே?"

அவர் முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"இந்த முத்திரையே தப்புன்னா, கடைக்குக் கடை குத்தினதெல்லாம்?" என்றாள் அக்கா. "உங்க ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுரலாமா தம்பி?"

அவர் முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஊரே புகையுது. அதுல என் புகை எவனுக்குத் தெரியப்போகுதுன்னு... ஒண்ணே ஒண்ணுதான்."

வீல்!

"சரி, ரெண்டு."

வீல்!

"மூணு! மூணுக்கு மேல இல்ல!"

வீல்!

"அடேயப்பா, இது பொய்க்கும் கத்துதே" என்றாள் அக்கா.

"பாவி மனுஷா, என் தலையில அடிச்சில்ல சத்தியம் பண்ணீங்க! எனக்கு ஒண்ணு ஆயிருந்தா?" என்று அழுதேன். அழுதுகொண்டே பால்கனிக் கதவைத் திறந்தேன். சட்டம் என்றால் சட்டம்தானே? முகமூடியை மாட்டி, போர்வையைப் போர்த்தி, கையில் மீட்டரையும் கொடுத்து அனுப்பினேன். வெளிப்புகை பட்டதும் அது நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது.

"ஏய், இது ஊர்ப் புகைடி! இது எப்ப நிக்கிறது, நான் எப்ப உள்ளே வர்றது?"

"கருவி பொய் சொல்லாதுங்க."

உள்ளே நானும் அக்காவும் வெங்காயம் வதக்கினோம். அது பொன்னிறமானதும் மனசு கேட்காமல் அவரை உள்ளே விட்டேன்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடி?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றேன்.

ஆனாலும் என் தலையை நான் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? மீட்டரை அவருடைய ஆபீஸ் அடையாள அட்டை நாடாவிலேயே கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். தெருவில் அது கத்திக்கொண்டே போகிறது. நல்லதுதான், பஸ்காரர்கள் விலகிப் போகிறார்கள். அதுவும் போதாதென்று, அவர் சோதனைக்குப் போகிற கடைகளுக்கெல்லாம் ஒரு நடை போய் மீட்டர் கதையைச் சொல்லிவைத்துவிட்டு வந்தேன். இப்போதெல்லாம் கடைக்காரர்கள் தராசின் மேல் மூடிய துணியை எடுப்பதற்கு முன்னால், "ஐயா, முதல்ல நீங்க ஊதுங்க" என்கிறார்களாம்.